அட்டை இலக்கம் இல்லாத மூட்டு

கையெழுத்துப் போடச் சொல்லி அவரை நான் இரண்டு முறை வற்புறுத்தியிருக்கிறேன். ஒரு முறை ஒரு மெசினுக்கு. மறுமுறை அவருடைய மகளுக்கு. இரண்டிலும் கடைசியில் போட்டார். இரண்டிலும் நல்லதைத்தான் செய்தேன் என்று ஐந்தாறு வருடமாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

கிளிநொச்சியில் பொய்க்கால் செய்யும் எங்கள் பட்டறையில் அவர் லேத் வேலை பார்த்தார். எனக்குக் களஞ்சியமும் பதிவேடும். நான் அவரை ‘அண்ணை’ என்பேன், அவர் என்னைத் ‘தங்கச்சி’ என்பார். கட்டையான ஆள். சட்டைப் பையில் பேனை இருக்காது, தலைமயிரின் தடிப்பையும் அளக்கும் மைக்ரோமீற்றர் இருக்கும். அதைக் கைலேஞ்சியில் சுற்றி, பால் குடிக்கும் பிள்ளையைத் தூக்குவதுபோல் நெஞ்சோடு சேர்த்து வைத்திருப்பார். தாய் தகப்பன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குப் பயந்து வன்னிக்கு வந்தவர்கள். இவர் முரசுமோட்டைப் பக்கத்தில் நெல்லுக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் நடுவே வளர்ந்தவர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர்தான். ஆனால் அவரிடம் ‘கிட்டத்தட்ட’ என்ற சொல்லைச் சொல்லிவிட்டுத் தப்பிய படித்தவர் ஒருவரையும் நான் கண்டதில்லை.

“பஸ் எத்தினை மணிக்கு?” என்பார்.

“கிட்டத்தட்டப் பத்துக்கு அண்ணை.”

“கிட்டத்தட்ட எண்டால்? முன்னுக்கோ பின்னுக்கோ?”

“எனக்கென்ன தெரியும், பஸ்காரனைக் கேளுங்கோ.”

“அப்ப தெரியாதெண்டு சொல்லுங்கோ தங்கச்சி. தெரியாதெண்டது நல்ல சொல்லு. கிட்டத்தட்ட எண்டது தெரியாதவன் தெரிஞ்சமாதிரி நடிக்கிற சொல்லு.”

கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம், அளக்காத ஒன்றுக்கு இவரிடம் ஒரு ‘ஓம்’ வாங்க முடியாது என்று பட்டறையில் பேசிக்கொள்வோம். எனக்கும் அந்தக் குணத்தால் ஒரு நாள் கோபம் வந்திருக்கிறது. என்னுடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. பட்டறையில்தான் எனக்கும் கால் போட்டார்கள். போட்டு நடந்து காட்டிய அன்று எல்லோரும் கை தட்டினார்கள். என் அம்மா அழுதா. இவர் மட்டும் லேத்தை நிறுத்திவிட்டு வந்து, குந்தியிருந்து, என் இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “மூண்டு மில்லிமீற்றர் கட்டை” என்றார்.

“எனக்குச் சரியாத்தான் இருக்கு” என்றேன் வெடுக்கென்று.

“இப்ப சரியாத்தான் இருக்கும். மூண்டு மாசத்திலை இடுப்பு நோகேக்கை வாங்கோ.”

இரண்டரை மாதத்தில் போனேன். ஒரு வளையத்தைக் கடைந்து உள்ளே வைத்தார். இன்றுவரை எனக்கு இடுப்பு நோவில்லை.

இனி அவருடைய மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு ஒரே பிள்ளை. சண்டையின் கடைசி மாதங்களில், கடற்கரையோரம் எல்லோரும் நெருக்கியடித்துக் கிடந்தபோது, செல் விழுந்து அவளுடைய இடது கால் முழங்காலுக்கு மேலே போய்விட்டது. வயது பத்து. காயக்காரரைச் செஞ்சிலுவைக் கப்பலுக்குக் கொண்டுபோகும் உழவு இயந்திரப் பெட்டியில் அவரே அவளைத் தூக்கி ஏற்றினார். மனைவி காய்ச்சலோடு பதுங்குகுழியில் கிடந்தா. “அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாறன்” என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு இறங்கினார். திரும்பி வந்தபோது பெட்டி அங்கே இல்லை. கப்பலில் போனவர்களின் பட்டியலில் அவளுடைய பெயர் இல்லை. செத்தவர்களின் பட்டியலிலும் இல்லை.

அதன்பிறகு ஆள் ஆளுக்கு வந்து கண்டேன் என்பார்கள். வன்னியில் பிள்ளையைத் தொலைத்த வீடுகளுக்கு இப்படிப்பட்ட செய்திகள் வந்தபடியேதான் இருக்கும். சிலர் இரக்கத்தில் சொல்வார்கள், சிலர் வேறொன்றுக்காகச் சொல்வார்கள். இவர் சொல்லவந்தவரை இருத்தி, தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, ஒவ்வொன்றாகக் கேட்பார். எவ்வளவு தூரத்தில் நின்று பார்த்தனீங்கள்? வெயில் எந்தப் பக்கம்? எந்தக் கையாலை சாப்பிட்டவள்? எந்தக் கால் இல்லை? ஒருமுறை புளியங்குளத்தில் ஒரு கடையில் வேலை செய்கிறாள் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். இவர் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் லேத்தடியில் நின்றார்.

“என்னண்ணை?”

“அது வலது கால். ஆரோ பெத்த பிள்ளை” என்றார். பிறகு, “நல்லாத்தான் நடக்கிறாள்” என்றும் சொன்னார்.

அவருடைய மனைவியை நான் அக்கா என்பேன். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கு வந்துவிட்டு என் மேசையடியில் கொஞ்சநேரம் இருந்துவிட்டுப் போவா. ஊர் அலுவல் பார்க்கும் விதானையார் கொடுத்த இறப்புப் பதிவுப் படிவம் ஒன்றை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்திருந்தா. தகப்பன் கையெழுத்துப் போடவேண்டிய இடம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

“தங்கச்சி, நீங்கள் சொன்னால் கேப்பார். பிள்ளைக்கு ஒரு பிடி எள்ளும் தண்ணியும் இறைச்சால் எனக்குக் காணும். இவர் அவள் இருக்கிறாள் எண்டும் சொல்லமாட்டார், இல்லை எண்டும் சொல்லமாட்டார். நான் விளக்கை எந்தப் பக்கம் பாத்து ஏத்திறது?”

நான் அவரிடம் போய்ச் சொன்னேன். லேத்தை நிறுத்தாமலே கேட்டார்.

“ஆர் பாத்தது?” என்றார்.

“அண்ணை, எத்தினை வருசமாச்சு.”

“வருசம் அளவில்லைத் தங்கச்சி. ஆர் பாத்தது எண்டுதான் கேக்கிறன். பாக்காததுக்குக் கை வராது.”

அந்த நாட்களில்தான் மெசின் வந்தது. வெளிநாட்டு உதவிக்காரர்கள் தருவதாகச் சொன்ன, கணினியில் எழுதிக்கொடுத்தபடி தானே வெட்டும் சின்ன சி.என்.சி. மெசின். ஒரு இரட்டைக் கட்டில் போடும் இடம் போதும் அதற்கு. கடைவதும் அதுவே, செதுக்குவதும் அதுவே, குறுக்கே துளை போடுவதும் அதுவே. அதுவரை எங்கள் பட்டறையில் ஒரு மூட்டுக்கு லேத்தில் ஒருமுறை, மில்லிங்கில் ஒருமுறை, துளைமெசினில் ஒருமுறை என்று கழற்றிக் கழற்றிப் பூட்ட வேண்டும். “பிடி மாறினால் குணம் மாறும்” என்று அண்ணை அலுத்துக்கொள்வார். பூட்டும் ஒவ்வொரு தடவையும் அளவு கொஞ்சம் நழுவும். அதனால் நாங்கள் சின்னச் சாமான்களைச் செய்துகொண்டு, முழங்கால் மூட்டுக்கு வெளிநாட்டுப் பார்சலைப் பார்த்துக் காத்திருந்தோம். மாதக்கணக்காகக் காத்திருப்போம். என் பதிவேட்டில் காத்திருப்போர் பக்கம் நிரம்பி வழிந்தது. வந்த மெசின் ஒரே பிடியில் முழு வேலையையும் முடித்துவிடும் என்றார்கள்.

ஒரு நிபந்தனை இருந்தது. மூன்று கிழமைக்குள், இருபத்தொரு நாளில், சோதித்து, எங்கள் சூட்டுக்கும் எங்கள் மின்சாரத்துக்கும் அது ஈடுகொடுக்குமா என்று பட்டறையின் லேத்காரர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் மெசின் வேறொரு மாவட்டத்துக்குப் போய்விடும். பட்டறையின் லேத்காரர் இவர் ஒருவர்தான்.

மெசினோடு கொழும்பிலிருந்து ஒரு பொறியியலாளர் வந்தார். இளம் ஆள், நல்ல பணிவு. முதல்நாள் எல்லோரையும் கூப்பிட்டு, பித்தளைத் தண்டு ஒன்றைப் பூட்டி, பொத்தானை அமர்த்தினார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வெள்ளைத் தண்ணீர் சீறியது. ஆறு நிமிடத்தில் ஒரு சதுரங்கக் கோட்டைக் காய் வெளியே வந்தது. வாசல், யன்னல், உள்ளே சுழல் படிக்கட்டு எல்லாம் இருந்தன. கைக்குக் கை மாறி அண்ணையிடம் வந்தது. அவர் மைக்ரோமீற்றரை எடுத்தார்.

“இதுக்கு அளவு எவ்வளவு தம்பி?”

“இதுக்கு அளவெல்லாம் இல்ல ஐயா. இது சும்மா காட்டுறதுக்கு.”

“அளவில்லாத சாமானிலை பிழை இருந்தால் எப்பிடித் தெரியும்?”

பொறியியலாளர் சிரித்தார். அவருக்கு அது பகிடியாகப் பட்டது. மறுநாள் தொடங்கி அவர் சிரிக்கவில்லை.

அண்ணை தானே ஒரு படம் கீறிக்கொண்டு வந்தார். முழங்கால் மூட்டு. ஓரத்தில் தன்னுடைய உருண்டை எழுத்தில் ‘இடது. பெண். உயரம் 157. எடை 51’ என்று எழுதியிருந்தார். எங்கள் பட்டறையில் கால் போட வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை உண்டு; எந்தச் சாமான் செய்தாலும் அது ஆருக்கு என்று அந்த அட்டை இலக்கம் போடவேண்டும். சோதனைக்கும் அதே முறைதான்.

“அட்டை இலக்கம் எத்தினை அண்ணை?”

“பிறகு தாறன் தங்கச்சி.”

ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டால் சோறு இறங்காத மனிதர். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். மூன்று கிழமை முடிந்துவிடப் போகிறதே என்ற பதைப்பில் நான் அதைக் கவனியாமல் விட்டேன்.

அந்த ஒரே மூட்டை அவர் காலையில் செய்வித்தார், தகரக்கூரை கொதிக்கும் மத்தியானத்தில் செய்வித்தார், பின்னேரம் பக்கத்து அரிசி ஆலை ஓடத் தொடங்கி எங்கள் பல்பு மங்கும்போதும் செய்வித்தார். காலையில் செய்த துளையில், முழங்கால் மடங்கும் அச்சு கச்சிதமாக உட்கார்ந்தது. மத்தியானத் துளையில் ஆடியது. பின்னேரம் மெசின் பாதி வெட்டில் இரண்டு முறை நின்று சாமானைக் கெடுத்தது. எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதினார்.

“ஐயா, தலைமயிர ஏழாப் பிளந்தா ஒரு பங்கு. அவ்வளவுதான் கூட. கிட்டத்தட்டச் சரி” என்றார் பொறியியலாளர்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். சொல்லக்கூடாத சொல்லைச் சொல்லிவிட்டாரே.

அண்ணை கோபப்படவில்லை. என்னைக் கூப்பிட்டு, “தங்கச்சி, தம்பிக்கு ஒருக்கால் நடந்து காட்டுங்கோ” என்றார். நடந்தேன். “இவவுக்கு மூண்டு மில்லிமீற்றர் கட்டையாப் போட்டு இடுப்பு நோவோட விட்டது இந்தப் பட்டறை. இது முழங்கால் தம்பி. ஒரு நாளைக்கு எத்தினையாயிரம் தரம் மடங்கும். இண்டைக்கு ஆடுற ஆட்டம் ஆருக்கும் தெரியாது. ஆறு மாசத்திலை அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரம்பிலை நடக்கேக்கை தெரியும்.”

எந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எந்த வரம்பில் எவள் என்று நான் கேட்கவில்லை.

பிறகு இருவரும் சேர்ந்து மெசினோடு மல்லுக்கட்டினார்கள். காலையில் அரைமணி நேரம் வெறுமனே ஓடவிட்டுச் சூடேற்றிய பிறகே வேலை என்றார் அண்ணை. மின்சாரத்தைச் சீராக்க ஒரு ஸ்ரெபிலைசர் கேட்டார். ஆலை ஓடும் நேரத்தில் மெசின் ஓடக்கூடாது என்றார். மத்தியானச் சூட்டுக்கு அளவை எவ்வளவு திருத்துவது என்று பொறியியலாளர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். நான் நாளைக்கு இரண்டு தடவை போய், “அண்ணை, சனம் காத்துக்கிடக்கு, போடுங்கோ கையெழுத்தை” என்று நச்சரித்தேன். “ஆக்கப் பொறுத்தவை ஆறப் பொறுங்கோ” என்று திருப்பி அனுப்பினார். பதினேழாம் நாள் காலையும் மத்தியானமுமாகச் செய்த பத்து மூட்டும் ஒன்றுபோல் வந்தன. என் பேனையை வாங்கி, நிபந்தனைகளை இலக்கமிட்டு எழுதி, ‘ஏற்கலாம்’ என்று போட்டுக் கையெழுத்து வைத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவற்றில் ஒன்பதை அதற்கு முன்னமே வெட்டியும் அழுத்தி உடைத்தும் பார்த்திருந்தார். பத்தாவதை எண்ணெய்த் துணியில் சுற்றி, பிஸ்கற் தகரம் ஒன்றில் போட்டுத் தன் இலாச்சிக்குள் வைத்தார்.

நான் பிழை செய்தது அதற்கு அடுத்த மாதம். அக்காவுக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை என்று அண்ணை வவுனியாவுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். அந்த மூன்று நாளில் மல்லாவியிலிருந்து ஒருத்தி வந்தாள். இடது கால். பழைய மூட்டு வெடித்து, நைலோன் கயிற்றால் கட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். அறுவடை நேரம், வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள், புருசன் இல்லை. எங்களிடம் மெசின் இருந்தது, சோதனையில் முடிந்த உலோகத் தண்டு இன்னும் வந்து சேரவில்லை. போய் இரண்டு மாதத்தில் வாங்கோ என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பொருளாதாரத் தடைக் காலத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள், சவர்க்காரத்தை நூலால் அறுத்துப் பங்கு வைத்தவர்கள். உதவக்கூடிய சாமான் ஒன்று சும்மா கிடந்தால் எங்களுக்குக் கண்ணைக் குத்தும். சோதனை முடிந்த மூட்டு ஒன்று இலாச்சிக்குள் கிடக்கிறதே என்று எனக்கு ஞாபகம் வந்தது. எடுத்துக் கொடுத்தேன். கால் பொருத்துபவர் பூட்டிப் பார்த்துவிட்டு, “ஆருக்கு அளவெடுத்தது இது? இவவுக்கெண்டே செய்த மாதிரி இருக்கு” என்றார். அவள் நடந்தே பஸ்தரிப்புக்குப் போனாள். நான் வாசலில் நின்று பார்த்து, என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அண்ணை திரும்பி வந்தவுடன் தகரத்தைத் திறந்தார்.

“இதிலை இருந்தது?”

நான் பெருமையோடு கதையைச் சொன்னேன். அவர் முக்காலியில் இருந்தார்.

“பொருந்தினதோ?”

“செய்துவைச்ச மாதிரி அண்ணை.”

“ஓம். செய்துவைச்சதுதான்.”

தகரத்தின் அடியில் கொப்பித் தாள் ஒன்று மடிந்து கிடந்தது. நான் அதைக் கவனித்திருக்கவில்லை. அதை எடுத்து என்னிடம் நீட்டினார். மேலே ‘தாய் 154, அத்தை 160’ என்று இருந்தது. கீழே வருடத்துக்கு ஒரு வரி. முதல் வரி 135, எடை 27. அதன் பக்கத்தில் ‘அளந்தது’ என்று எழுதியிருந்தார். பள்ளிக்கூடத்துச் சீருடைத் துணி வந்த அன்று மகளை அளந்தாராம். அடுத்த வரி 140. பக்கத்தில் ‘கிட்டத்தட்ட’. அடுத்தது 146, ‘கிட்டத்தட்ட’. 151, ‘கிட்டத்தட்ட’. அப்படியே இறங்கி, கடைசி வரியில் 157, 51. அங்கேயும் அந்தச் சொல்தான். எங்கள் எல்லோருடைய வாயிலும் அவர் அடைத்த சொல்லை அந்த ஒரு தாளில் ஒன்றுவிடாமல் தானே எழுதிவைத்திருந்தார்.

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்றிருந்தது.

“அண்ணை, நான் அவவைக் கூப்பிட்டு...”

“விசரே தங்கச்சி? போட்ட காலைக் கழட்டிறதே?”

“புரோகிராம் மெசினிலை இருக்குதானே. தண்டு வந்தவுடனை இன்னொண்டு செய்யலாம்.”

அவர் தகரத்தை மூடினார். “அவ திரும்ப எப்ப வருவா?” என்று மட்டும் கேட்டார்.

மல்லாவிக்காரி இரண்டு கிழமையில் பரிசோதனைக்கு வந்தாள். இரண்டு பக்கமும் கம்பி பூட்டிய நடைபாதையில் நடக்கச் சொன்னோம். அண்ணை முன்புபோலவே லேத்தை நிறுத்திவிட்டு வந்து குந்தியிருந்தார். அவள் முகத்தை ஒருமுறையும் பார்க்கவில்லை. காலையே பார்த்தார். திரும்ப நடக்கச் சொன்னார். மூன்றாம் முறையும் சொன்னார். கம்பியைப் பிடிக்காமல் நடக்கச் சொன்னார். அவள் கையை வீசிக்கொண்டு நடந்தாள்.

“சரியோ ஐயா?” என்றாள்.

எத்தனை மில்லிமீற்றர் என்று சொல்லப்போகிறாரோ என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“கிட்டத்தட்ட, அம்மா” என்றார். எழும்பிப் பின்வாசலால் வெளியே போனார்.

அந்தக் கிழமையே நான் அக்காவின் படிவத்தை வாங்கி அவர் முன்னால் வைத்தேன். இரும்பு சூடாக இருக்கும்போது அடிக்கவேண்டும் என்று எனக்கு ஒரு நினைப்பு. “அண்ணை, அக்காவுக்காகப் போடுங்கோ. அவ எவ்வளவு காலம் விளக்கைக் கையிலை வைச்சுக்கொண்டு நிப்பா?” என்றேன். எனக்கு அப்படியெல்லாம் கதைக்க என்ன உரிமை என்று இப்போது கேட்கிறேன். அவர் படிவத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். அடையாளம் என்ற இடத்தில் உயரம் 135, இடக்கை, இடது கால் முழங்காலுக்கு மேல் இல்லை என்று எழுதினார். கடைசியாகக் கண்ட நாளையும், அதற்கு இடம் இல்லாவிட்டாலும் ஓரத்தில் நேரத்தையும் எழுதினார். காலை ஏழு இருபது. பிறகு என் பேனையாலேயே கையெழுத்து வைத்தார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா.

திவசத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். ஐயர், “திதி திட்டமாத் தெரியாட்டி அமாவாசையிலை செய்யலாம்” என்றார். அண்ணை ஏன் என்று கேட்கவில்லை. “ஓம்” என்றார். எள்ளையும் தண்ணீரையும் இறைத்தார். அன்று அவர் நல்லாகச் சாப்பிட்டதாகக்கூட எனக்குப் பட்டது. என்னுடைய பிழையிலும் ஒரு நன்மை விளைந்தது, மல்லாவிக்காரி நடந்ததைப் பார்த்து அவர் மனம் ஆறிவிட்டது என்று நினைத்தேன். தெரிந்தவர்கள் நாலைந்து பேருக்கு அப்படியே சொல்லியும் இருக்கிறேன்.

அதன் பிறகும் அவர் அதே மனிதர்தான். அளந்தார், திருப்பி அனுப்பினார், பஸ்காரரோடு சண்டை பிடித்தார். வருடத்தில் ஒரு நாள், பொங்கல் கழிந்த பிறகு, ஒரு மூட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைப்பார். “சும்மா ஓட்டிப் பாத்தது. ஆருக்கும் பொருந்தினால் போடுங்கோ” என்பார். நான் பதிவேட்டில் ‘உபரி’ என்று எழுதுவேன். ஒன்று முரசுமோட்டையில் ஒருத்திக்குப் போனது. ஒன்று புளியங்குளத்துக்குப் போனது. எல்லாம் பெண்களுக்கு, எல்லாம் இடது கால். நான் களஞ்சியக்காரி. வந்ததை எழுதினேன், போனதை எழுதினேன். வேறொன்றையும் யோசிக்கவில்லை.

போன மாரியில் நெஞ்சு நோகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. மைக்ரோமீற்றரை அக்கா பட்டறைக்கே தந்துவிட்டா.

போன மாதம் மெசினைப் பார்க்கப் பழைய பொறியியலாளர் வந்தார். தலைமயிர் கொட்டியிருந்தது. அண்ணையின் லேத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மெசினின் ஞாபகம் நிரம்பிவிட்டது, பழையவற்றை அழிக்கவேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். ஒவ்வொரு புரோகிராமுக்கும் பெயர் அட்டை இலக்கம்தான். எது வேண்டும், எது வேண்டாம் என்று நான் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

“அக்கா, இந்த ஆறுக்கும் அட்டை இலக்கம் இல்ல. எல்லாம் ஒரே மூட்டு. அச்சோட தடிப்பு மட்டும் கொஞ்சம் கூடிக் குறையுது. வருசத்துக்கு ஒண்ணு போட்டிருக்கார், முதலாவதத் தவிர மத்ததெல்லாம் ஒரு தடவதான் ஓட்டியிருக்கார். யாருடையது? அழிச்சிடவா?” என்று என்னைக் கேட்டார்.

“திறந்து காட்டுங்கோ” என்றேன்.

ஒவ்வொன்றின் முதல் வரியிலும் இரண்டு எண்கள் இருந்தன. முதலாவதில் 157, 51. அது சோதனைக்குச் செய்தது. இரண்டாவது அவர் படிவத்தில் கையெழுத்துப் போட்டதற்கு அடுத்த வருடத்தது. 157, 52. மூன்றாவதிலும் 52. நாலாவதில் 157, 57. பிறகு 55. கடைசியில் 56.

நான் இரண்டு பிள்ளை பெற்றவள். ஐம்பத்திரண்டு ஏன் ஐம்பத்தேழாகும், பிறகு ஏன் ஐம்பத்தைந்தாக இறங்கும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எள்ளுத் தண்ணீர் இறைத்தது அக்காவுக்காக. கையெழுத்துப் போட்டது என் நச்சரிப்புக்காக. அந்த மனிதருக்குள் அவள் வளர்ந்து, கலியாணம் கட்டி, பிள்ளை பெற்று, வரம்பில் நடந்துகொண்டிருந்திருக்கிறாள். வருடா வருடம் அவளுக்கு ஒரு மூட்டைச் செய்து, வேறு ஆருக்காவது போடச் சொல்லி என் கையிலேயே தந்திருக்கிறார். நான் ‘உபரி’ என்று எழுதியிருக்கிறேன். மெசினின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நான் சத்தமாக அழுதேன். பொறியியலாளர் பயந்துபோய்க் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்.

“அழிக்காதீங்கோ தம்பி. அட்டை இலக்கம் தாறன்” என்றேன்.

மேசைக்கு வந்து புது அட்டை ஒன்றை எடுத்தேன். அவளுடைய பெயரை எழுதினேன். தகப்பன் பெயரை எழுதினேன். இடது, முழங்காலுக்கு மேல். உயரம் 157, எடை 56. ஒன்றைத் தவிர எல்லாக் கட்டமும் நிரம்பியது. கடைசியில் ‘அடுத்து வரவேண்டிய நாள்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதை வெறுமையாக விட்டு அட்டை கொடுக்கக்கூடாது என்பது எங்கள் பட்டறை முறை. பேனையை வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தேன். கிட்டத்தட்ட என்றுகூட எழுத எனக்குக் கை வரவில்லை.